எதையும் தின்னும் ஹீரோவை சோலூருக்கு அனுப்புங்க!



ஹாஸ்டல் ரூமில் கரண்ட் போன ராத்திரியில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருமுறை வந்திருக்கும். "உனக்கு ஒரே ஒரு சூப்பர் பவர் கிடைச்சா எது வேணும்?" ஒருத்தன் பறக்கணும் என்பான். இன்னொருத்தன் யார் கண்ணுக்கும் தெரியாம மறையணும் என்பான். மூணாவது ஆள் டைமை நிறுத்தணும் என்பான். நாலு அரியர் வைத்திருப்பவன் அவன்தான்! ஆனால் "எனக்கு மேஜை, நாற்காலி, இரும்புக் கம்பி எல்லாத்தையும் கடிச்சுத் தின்னுற சக்தி வேணும்" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்படி ஒரு ஹீரோ நிஜமாகவே காமிக்ஸில் இருக்கிறான். பெயர் மேட்டர்-ஈட்டர் லேட். 1962-ல் டிசி காமிக்ஸின் 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' இதழில் வந்தான். அவனுடைய கிரகத்தில் இருந்த உணவெல்லாம் சாப்பிட முடியாததாகிவிட, அங்கே இருந்தவர்களுக்கு எதையும் தின்று செரிக்கும் வயிறு வந்துவிட்டது. கல், இரும்பு, சிறைக் கதவு, எது கொடுத்தாலும் தின்பான். அவ்வளவுதான் அவன் பவர்.

"உலகின் உதவாக்கரை சூப்பர் பவர்கள், டாப் 10" என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இவனுக்கு ஒரு சீட் நிச்சயம். இவனோடு அந்த பெஞ்சில் உட்காரும் மற்றவர்களையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

பவுன்சிங் பாய். 1961-ல் வந்தவன். டெலிவரி வேலைக்குப் போன இடத்தில் ஒரு பிளாஸ்டிக் திரவத்தை சோடா என்று நினைத்துக் குடித்துவிட்டான். அன்றிலிருந்து பந்து மாதிரி ஊதி, குதித்துக் குதித்துப் போவான்.

ஸ்டோன் பாய். 1963. கல்லாக மாறுவான். கல்லாக மாறியபின் அசைய முடியாது.

குளோரோஃபில் கிட். அதே 1963. செடி கொடிகளை வேகமாக வளர வைப்பான்.

கலர் கிட். 1966. பொருள்களின் நிறத்தை மாற்றுவான். நிறத்தை மட்டும்தான்.

சைஃபர். இவன் மார்வெல் ஆள், 1984. எந்த மொழியையும் கேட்டதும் படித்ததும் புரிந்துகொள்வான். பக்கத்தில் நிற்பவர்கள் எரிமலை மாதிரி வெடித்துக்கொண்டும் ஓநாயாக மாறிக்கொண்டும் இருக்கும்போது இவன் டிக்‌ஷனரியாக நிற்பான்.

கடைசியாக ஆர்ம்-ஃபால்-ஆஃப் பாய். 1989. தன் கையைத் தானே கழற்றி, அதையே தடியாக வைத்து அடிப்பான். இவனைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சிலரைக் காப்பாற்ற வக்கீலாலும் முடியாது.

இந்தப் பட்டியலைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரிக்கத்தான் போட்டேன். ஆனால் எனக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது. இந்த "உதவாக்கரை" பட்டியல்களைப் போடுகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சண்டை வந்தால் இவனால் என்ன செய்ய முடியும்?" சண்டை இல்லாத இடத்தில் இவனை விட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் நான் கேட்கப் போகிறேன்.

மாயாவியைச் சிரிக்காமல் படித்தோமே, எப்படி?

வெளிநாட்டு ஹீரோக்களுக்குப் போகும் முன் நம் வீட்டு அலமாரியைத் திறப்போம். உங்கள் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ காமிக்ஸ் படித்தவர் என்றால், 'இரும்புக்கை மாயாவி' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்த கதை அது. மூலம் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் ஆரம்பித்த 'தி ஸ்டீல் க்ளா'. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ.

மாயாவியின் பவரை இப்போது ஒரு ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் மாதிரி எழுதிப் பார்ப்போம். ஆள் ஒரு லேப் அசிஸ்டென்ட். ஒரு விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். ஆனால் இரும்புக் கை மட்டும் மறையாது, அந்தரத்தில் தனியாக மிதக்கும். கொஞ்ச நேரத்தில் விளைவு தீர்ந்துவிடும். திரும்ப மறைய வேண்டும் என்றால் திரும்ப ஷாக் வாங்க வேண்டும்.

ட்ரிபிள்-ஈ டிபார்ட்மென்ட் நண்பர்களே, இதை வைவாவில் சொன்னால் எக்ஸ்டர்னல் என்ன கேட்பார்? எர்த்திங் எங்கே தம்பி? ஆர்சிசிபி ட்ரிப் ஆகாதா? கரண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வார்? ஃபிசிக்ஸ் சார் இன்னொரு குண்டு போடுவார். ஒளி விழித்திரையில் பட்டு அங்கே உறிஞ்சப்பட்டால்தான் பார்வை. உடம்பு முழுக்க ஒளி ஊடுருவிப் போனால் விழித்திரையிலும் எதுவும் தங்காது. அதாவது யார் கண்ணுக்கும் தெரியாத மனிதனுக்குத் தன் கண்ணும் தெரியாது. முடிந்தது கதை.

சோலூரில் மாயாவியின் பாடு இன்னும் மோசம். நான் அந்த ஊர். ஊட்டி தாலுக்காவில் ஒரு பேரூராட்சி. சுற்றிலும் தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு. பக்கத்தில்தான் கிளன்மார்கன். அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் ஏறத்தாழ 900 மீட்டர் கீழே சிங்காராவுக்கு விழுந்து டர்பைனைச் சுற்றுகிறது. 1932-லிருந்து ஓடும் பைக்காரா மின்நிலையம் அது. இவ்வளவு பக்கத்தில் கரண்ட் பிறந்தாலும், ஜூன் ஜூலை காற்றில் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தால் ஊரே மெழுகுவர்த்திதான். அந்த வாரம் மாயாவிக்கு லீவ். அப்படியே கரண்ட் இருந்தாலும், மதியம் மூணு மணிக்கு மிஸ்ட் இறங்கிவிட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் எல்லாரும் மாயாவிதான். தனியாக ஷாக் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இத்தனை ஓட்டை இருந்தும், ஐம்பது வருஷம் தாண்டி இன்றும் மாயாவிக்கு மறுபதிப்பு வருகிறது. ஏன்? என் பதில் இது: அந்தக் கை மறையாததால்தான். முழுசாக மறைந்துவிட்டால் படத்தில் வரைய என்ன இருக்கிறது? காலி அறை. அந்தரத்தில் மிதக்கும் கைதான் வாசகனின் கண் நிற்கும் இடம். வில்லன் அதைப் பார்த்துவிடுவானோ என்ற பயம், ஷாக்கின் விளைவு தீர்ந்துவிடுமோ என்ற பயம், அடுத்த பிளக் பாயின்ட் எங்கே என்ற தேடல், இந்த மூன்றும்தான் கதையை ஓட்டுகிறது. பவரில் இருந்த ஓட்டையிலிருந்துதான் கதையே வந்தது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 1938-ல் சூப்பர்மேன் முதலில் வந்தபோது அவருக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். பிறகு பறந்தார், கண்ணால் எரித்தார், மூச்சால் உறைய வைத்தார். 1958-ல் ஒரு இதழில் அவர் கையிலிருந்து குட்டி சூப்பர்மேன் ஒருவர் வெளியே வருகிற பவர்கூட வந்தது! எல்லாம் முடிகிற ஆளிடம் கதையை எப்படி நிறுத்துவது? கிரிப்டோனைட் என்று ஒரு பச்சைக் கல்லைக் கொண்டுவந்து அவரைப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. பெரிய பவருக்கு வெளியிலிருந்து ஒரு ஓட்டையை இறக்குமதி செய்தார்கள். மாயாவிக்கு அது உள்ளேயே இருந்தது.

இதில் ரசமான விஷயம் ஒன்று. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் பவுன்சிங் பாயையும் மேட்டர்-ஈட்டர் லேடையும் எழுதியவர். பிறகு அதே சீகல் பிரிட்டிஷ் காமிக்ஸில் எழுதிய 'தி ஸ்பைடர்', சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக நம் ஊர் 'ஸ்பைடர்' ஆனது. எல்லாம் முடிகிற ஒருத்தனை உருவாக்கியவருக்கே, ஒன்றே ஒன்று மட்டும் முடிகிற பையன்களையும் எழுதத் தோன்றியிருக்கிறது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ரிஜெக்ட் ஆனவர்கள் சங்கம்

நான் மேலே சொன்ன ஆட்களில் பலர் 'லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' என்ற உலகத்தைச் சேர்ந்தவர்கள். கதை நடப்பது 30-ஆம் நூற்றாண்டில். அந்த லீஜியனில் சேர ஒரு தேர்வு நடக்கும். வரிசையில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே போய், பவரைக் காட்ட வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஹீரோக்கள். பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் "நன்றி, போய் வா."

எங்கேயோ பார்த்த காட்சி மாதிரி இல்லை? ஆமாம், பைனல் இயர் மக்களே, அதேதான். ஆடிட்டோரியம், ஃபார்மல் ஷர்ட், ஃபைல், ஒரு ஓரத்தில் தண்ணீர் கேன்.

1963-ல் அந்தத் தேர்வில் தோற்ற ஐந்து பேர் சேர்ந்து தாங்களே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். போலார் பாய், நைட் கேர்ள், ஸ்டோன் பாய், ஃபயர் லேட், குளோரோஃபில் கிட். பெயர் 'சப்ஸ்டிட்யூட் ஹீரோஸ்', மாற்று ஹீரோக்கள். நைட் கேர்ளுக்கு அசுர பலம் உண்டு, ஆனால் இருட்டில் மட்டும்தான். லீஜியன் கவனிக்காத வேலைகளை இவர்கள் சத்தமில்லாமல் செய்வார்கள். இதை எழுதிய எட்மண்ட் ஹாமில்டன் காமெடிக்காகத்தான் செய்தாரோ என்னவோ, ஆனால் எனக்கு அந்த ஐந்து பேர் மேல்தான் பாசம். கவனியுங்கள், லீஜியனின் தேர்வு தவறானது என்று அந்தக் கதை சொல்லவில்லை. லீஜியனுக்குத் தேவை சண்டைக்காரர்கள். அந்த வேலைக்கு ஸ்டோன் பாய் சரிப்பட மாட்டான்தான். தப்பு எங்கே நடக்கிறது என்றால், "இந்த வேலைக்கு நீ வேண்டாம்" என்று சொன்னதை "நீ எதுக்குமே வேண்டாம்" என்று வெளியே வந்து நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோமே, அங்கே.

சரி, லீஜியன் எடுக்காத ஆட்களுக்கு நான் போஸ்டிங் போடுகிறேன். இடம்: சோலூரும் சுற்றுப்பட்டும்.

மேட்டர்-ஈட்டர் லேட்: உடனே சேரவும்

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை பல வருஷமாக இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15-லிருந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள், பாட்டிலை வாங்கி வைக்கிறார்கள். ஆனாலும் மே மாசம் சீசன் முடிந்ததும் ரோட்டோரச் சரிவில் எட்டிப் பாருங்கள். சிப்ஸ் கவர், ஜூஸ் டப்பா, டயபர் உட்பட எல்லாம் கிடக்கும். காட்டு விலங்குகளின் வயிற்றில் பிளாஸ்டிக் கிடந்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

அங்கே ஒரு விஷயம் தெளிவாகிறது. பிளாஸ்டிக்கைத் தின்பது சூப்பர் பவரே இல்லை. மானும் மாடும் அதைத் தினமும் செய்கின்றன. செரிப்பதுதான் பவர். டாப் 10 போடுகிறவர்கள் அவனுடைய வாயைப் பார்த்துச் சிரித்தார்கள், வயிற்றைப் பார்க்கவில்லை. கெமிக்கல், பயோடெக் மக்களே, பாலிமர் சங்கிலியை அறை வெப்பநிலையில் உடைக்கிற ஒரு வயிறு கிடைத்தால் உங்கள் லேபில் என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். பெட் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவை 2016-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அது ஒரு மெல்லிய ஃபிலிமைத் தின்னவே வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டது. நம்ம பையன் சிறைக் கதவை டிபன் மாதிரி முடிப்பவன்.

அவன் பவர் காமிக்ஸிலேயே ஒருமுறை கைகொடுத்தது. யாராலும் அழிக்க முடியாத ஒரு இயந்திரத்தை அழித்தே ஆக வேண்டிய நிலை வந்தபோது, அதைத் தின்று தீர்த்தவன் இவன்தான். அதற்கு அவன் கொடுத்த விலை, தன் புத்தி பேதலித்துப் போனது. பிறகு அவன் அரசியலிலும் இருந்தான். எதையும் தின்பவன் அரசியலுக்குப் போனதைப் பற்றி நான் கமென்ட் அடிக்க மாட்டேன். எடிட்டர் வெட்டிவிடுவார்.

ஸ்டோன் பாய்: சிவில் டிபார்ட்மென்ட் கவனத்துக்கு

கல்லாய் மாறி அசையாமல் நிற்பது ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் மலையில் மழைக்காலம் இருந்ததில்லை. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்றும் வடகிழக்குப் பருவமழை வந்தால் எங்கள் வீடுகளில் பேசுவது ஒன்றே ஒன்றுதான்: "பின்னாடி இருக்கிற பேங்க் நிக்குமா?" பேங்க் என்றால் பணம் போடுகிற பேங்க் இல்லை, வீட்டுக்குப் பின்னால் வெட்டி நிறுத்திய மண்சரிவு.

அங்கே தேவைப்படும் ஹீரோ யார்? பறக்கிறவனா? கண்ணால் லேசர் விடுகிறவனா? ராத்திரி முழுக்க அசையாமல் நிற்கிற ஒருத்தன்தான். தடுப்புச் சுவர் என்பது வேறு என்ன? அது செய்யும் ஒரே வேலை நகராமல் இருப்பது. ஆனால் சிவில்காரர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். சரியான ஆட்சேபணைதான்: வெறுமனே நின்றால் போதாது. பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வழி விடாத சுவர், எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒருநாள் தள்ளப்படும். அதனால்தான் சுவரில் இடைவெளி விட்டு ஓட்டை வைக்கிறோம், கம்பி வலைக்குள் கற்களை அடுக்கி கேபியன் கட்டுகிறோம். எனவே ஸ்டோன் பாய் தனியாக வேண்டாம். கேபியன் மாதிரி, கைக்கும் கைக்கும் இடைவெளி விட்டு, அவன் கிரகத்துக்காரர்கள் ஒரு வரிசையே வரட்டும்.

பவுன்சிங் பாய்: மன்னிக்கவும்

எல்லாருக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அது பொய். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதன் உச்சியில் பவுன்சிங் பாயை வைத்தால் அவன் அடுத்து நிற்கும் இடம் மசினகுடி. அதுவும் நின்றால். பிரேக் இல்லாத ஆளுக்கு மலையில் போஸ்டிங் கிடையாது. தஞ்சாவூர் பக்கம் சமவெளியில் முயற்சி செய்யவும்.

குளோரோஃபில் கிட்: எல்லைக்குள் விடாதீர்கள்

இவன்தான் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி. பட்டியல்களில் இவனைப் பற்றி வருவது, "செடி வளர்க்கிறதெல்லாம் பவரா?" என்ற கேலி. கூடவே யாராவது ஒருத்தர் "விவசாயிகளுக்கு உதவுவானே" என்று பரிதாபப்பட்டு இவனைக் காப்பாற்றப் பார்ப்பார். இரண்டுமே எங்கள் ஊரில் எடுபடாது.

முதலில், காடு. முதுமலைக் காட்டுக்குள் உண்ணிச்செடி எப்படிப் பரவியிருக்கிறது என்று போனவர்களுக்குத் தெரியும். அழகான பூ வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, இன்று புல் முளைக்க விடாமல் மூடிக் கிடக்கிறது. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கொண்டுவந்து நட்ட கற்பூர மரமும் சீகை மரமும் மேலே புல்வெளிகளையும் சோலைகளையும் தின்றுகொண்டு போகின்றன. எங்கள் ஊர்ப் பெயரிலேயே சோலை இருக்கிறது. இந்த இடத்தில் வந்து ஒருத்தன் கையை நீட்டி "வளர்க!" என்றால், அவன் ஹீரோ இல்லை, வில்லன்.

அடுத்து, தேயிலை. "தேயிலையை வளர்த்துக் கொடுக்கலாமே" என்கிறீர்களா? சிறு தேயிலை விவசாயி வீட்டில் வந்து கேளுங்கள். பிரச்சினை இலை வளராதது இல்லை, இலைக்கு விலை இல்லாதது. பசுந்தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் ஒரே ராத்திரியில் இலையை இரட்டிப்பாக்கினால் ஃபேக்டரி வாசலில் மூட்டை குவியும், விலை இன்னும் இறங்கும். பறிக்கும் கூலிக்கே கட்டாது. அதாவது வெளியிலிருந்து பார்த்தால் "பயனுள்ள" பவர், உள்ளே வந்தால் பாரம்.

இதையே திருப்பிப் போட்டும் காட்டலாம். கூடலூர் அருகே தொரப்பள்ளியில் பெட்டகுரும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள், யாருக்கும் வேண்டாத அந்த உண்ணிச்செடியின் தண்டை வெட்டி, வேகவைத்து, வளைத்து, முழு உயர யானைகள் செய்கிறார்கள். அந்த யானைக் கூட்டம் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றது. காட்டில் ஒரு களை குறைகிறது, வீட்டுக்கு ஒரு கூலி வருகிறது. அங்கே பவர் செடியை வளர்ப்பதில் இல்லை, எந்தத் தண்டு எவ்வளவு வளையும் என்று தெரிந்த கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு எந்த காமிக்ஸிலும் பெயர் வைக்கவில்லை.

சைஃபர்: இவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை

சைஃபரின் கதை மற்றவர்களுடையது மாதிரி காமெடி இல்லை. டக் ராம்ஸி என்ற அந்தப் பையன் 'நியூ மியூட்டன்ட்ஸ்' குழுவில் இருந்தான். மொழி புரிவது மட்டுமே அவன் பவர். சண்டையில் எதற்கும் ஆகமாட்டான் என்று வாசகர்களே அலுத்துக்கொண்டார்கள். 1988-ல் தோழியைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து, குண்டடி பட்டுச் செத்தான். பவரே இல்லாத ஆள் செய்கிற காரியத்தைச் செய்துதான் அவன் செத்தான்.

இப்போது அவனை நீலகிரிக்குக் கொண்டுவாருங்கள். இந்தச் சின்ன மாவட்டத்தில் தோடா, கோத்தா, படுகர் மொழி, இருளர் மொழி, குரும்பர்களின் மொழிகள், பணியர் மொழி, இவற்றோடு தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் பேசப்படுகின்றன. தோடா பேசுகிறவர்கள் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. எங்கள் வீட்டு மொழிக்கு எழுதுவதற்கென்று பரவலான எழுத்து இல்லை. பாட்டி சொல்லும் கதை பாட்டியோடு போய்விடும்.

1935 முதல் 1938 வரை மர்ரி எமனோ என்ற மொழியியலாளர் இந்தியாவில் இருந்தார். தோடர், கோத்தர் மந்துகளுக்கும் ஊர்களுக்கும் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலியாகக் கேட்டு எழுதினார். தோடர் பாடல்களைத் தொகுத்து 1971-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். தாமஸ் பர்ரோவோடு சேர்ந்து அவர் செய்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-ல் வந்தது. தமிழ்ச் சொல் ஒன்றின் உறவுகளைத் தேடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவர் பறக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை. கேட்டார், எழுதினார்.

காமிக்ஸுக்கும் இது கடைசியில் புரிந்தது. டக் ராம்ஸி பிறகு உயிரோடு திரும்பினான். 2019-ல் எக்ஸ்-மென் கதையை ஜானதன் ஹிக்மன் புதுசாக எழுதியபோது, மியூட்டன்ட்கள் குடியேற ஓர் உயிருள்ள தீவு கிடைத்தது. அந்தத் தீவோடு பேசினால்தான் அங்கே வாழ முடியும். பேசத் தெரிந்த ஒரே ஆள் யார்? எரிமலையா, ஓநாயா? முப்பது வருஷம் முன்னால் உதவாக்கரை என்று பெயர் வாங்கிய அதே டக்தான். அவன் இல்லாமல் அந்த நாட்டில் ஒரு கதவுகூடத் திறக்காது. பவர் அதேதான், ஒரு துளி கூடவில்லை. கேள்வி மட்டும் மாறியது.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருத்தன் ஒரு மாக் இன்டர்வியூவுக்குப் போனான். ரெஸ்யூமேயில் கடைசி வரியில், ஹாபிக்கும் கீழே, தெரிந்த மொழிகள் என்று ஆறு எழுதியிருந்தான். எதிரே இருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதெல்லாம் இடத்தை அடைக்குது, எடுத்துட்டு இன்னொரு சர்டிஃபிகேட் போடு" என்றாராம். அவனும் எடுத்துவிட்டான். அந்த இடத்தில் இப்போது ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருக்கிறது, அவனோடு கிளாஸில் இருக்கும் அறுபது பேரிடமும் இருக்கும் அதே கோர்ஸ். குரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை எல்லாரும் எழுதத் துடிக்கிற காலத்தில், எந்த மென்பொருளுக்கும் சரியாகத் தெரியாத மொழிகள் தெரிந்தவன் அதை அழித்துவிட்டு வருகிறான். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஆகவே, கனம் கோர்ட்டார் அவர்களே

என் தரப்பை முடிக்கிறேன். எல்லாப் பவரும் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பவுன்சிங் பாயை நானே திருப்பி அனுப்பினேன், குளோரோஃபில் கிட்டுக்கு எல்லையிலேயே தடை போட்டேன், கை கழற்றுகிறவனை விசாரிக்கக்கூட இல்லை. நான் சொல்வது, ஒரு திறமையைத் தனியாக மேஜை மேல் வைத்து "இது உருப்படுமா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை என்பதுதான். நாம் இன்ஜினியர்கள். ஒரு பம்பை எடுத்து "நல்ல பம்ப்பா?" என்று யாராவது கேட்டால் நாம் என்ன கேட்போம்? எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம்? அதற்கப்புறம்தான் பதில். 900 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு ஒரு டர்பைன், சமவெளிக் கால்வாய்க்கு வேறொரு டர்பைன். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு டாப் 10 எடுப்பவனை ஹைட்ராலிக்ஸ் லேபிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பம்புக்குக் காட்டும் அந்த மரியாதையை, பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கும் நமக்கும் காட்டினால் என்ன?

அடுத்த இதழுக்கு உங்களுக்கு ஒரு வேலை. உங்களுக்குத் தெரிந்த மிகவும் உதவாத ஒரு சூப்பர் பவரை எழுதுங்கள். காமிக்ஸில் இருந்தாலும் சரி, உங்கள் ரூம்மேட்டிடம் இருந்தாலும் சரி. கூடவே அதற்கு ஒரு போஸ்டிங் போட்டு, காரணத்தோடு, இரண்டு பத்திக்குள் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். போஸ்டிங் இல்லாத கேலிக்கு இடம் கிடையாது.

கலர் கிட்டை மட்டும் யாரும் எடுக்காதீங்க. ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் "ரிப்பீட்" என்று எழுதியதை மாற்ற, நம்ம டிபார்ட்மென்ட் அவனை ஏற்கெனவே புக் செய்துவிட்டது.